கையெழுத்து

பிளான்டயர். அக்டோபர் வெயில். மின்சாரம் போய் மூன்று மணி நேரம்.
மடிக்கணினியில் பதினொரு சதவீத உயிர்.
நன்கொடைக் கடிதத்தின் முதல் வரியை
ஒன்பதாம் முறையாக எழுதுகிறேன்:
'எஸ்னாத்தின் கண்ணில் நீர் இருந்தது, குடத்தில்தான் இல்லை.'

இயக்குநர் கச்சிங்வே மேசையைத் தட்டினார்.
"இந்த ஒரு வரிக்கே முந்நூறு பவுண்டு வரும்."
எனக்கும் கொஞ்சம் தலை கனத்தது.
அழவைக்கத் தெரிந்தவளைத்தானே
இந்த நாற்காலியில் உட்கார்த்துகிறார்கள்.

கதைக்கு உரியவர் கையெழுத்திட்டால்தான் அச்சு.
இது புது விதி.
மினிபஸ்ஸில் பலோம்பே வரை,
மடியில் யாருடையதோ கோழி.
பிறகு சைக்கிள் டாக்ஸி.
பிறகு கால்.

எஸ்னாத் நமலோம்பா
அடிபம்பின் தலையைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு
அதன் தொண்டைக்குள் முழங்கை வரை இருந்தாள்.
ஆங்கிலக் கடிதத்தைச் சிச்சேவாவில் சொல்லிக்கொண்டே போனேன்.
கேட்டு முடித்துக் கையைத் துடைத்தாள்.

"யார் இந்தப் பொம்பளை?"

நீங்கள்தான்.

"நான் எப்போது அழுதேன்?
பம்பு நின்றது பதினாறு நாள், எழுது.
ஆற்று மணலைத் தோண்டிக் குடித்தோம்,
சின்னவனுக்கு வயிறு கழன்றது, அதையும் எழுது.
ஆனால் நான் அழவில்லை.
திட்டிக்கொண்டிருந்தேன்."

யாரை?

"ஒரு ரப்பர் வளையத்தை.
உள்ளே இருக்கும், இவ்வளவுதான்,"
கட்டைவிரலையும் ஆள்காட்டியையும் சேர்த்துக் காட்டினாள்.
அந்த ஓட்டை வழியே
அவள் ஒரு கண் என்னைப் பார்த்தது.
"தேய்ந்துபோச்சு. நாலு கடை ஏறி இறங்கினேன்.
நாலாவது கடைக்காரன், 'புருஷனை அனுப்பு' என்றான்.
அதை எழுது.
அவன் தெருப் பம்பு நின்றபோது
யாரைக் கூப்பிட்டான், கேட்டு எழுது.
என் ஸ்பேனரை எழுது.
அந்த அழுகிறவளுக்காக நான் கையெழுத்துப் போடமாட்டேன்.
அவளை எனக்குத் தெரியாது."

திரும்பும் வழியில் கோழி இல்லை.
என் பழைய கடிதங்கள் மடியில் உட்கார்ந்துகொண்டன.
கேட்காமல் எத்தனை பேர் கண்ணீரை
இரவல் வாங்கியிருக்கிறேன்!
ஒருத்திக்கும் திருப்பித் தந்ததில்லை.

கச்சிங்வே கெட்டவர் அல்ல.
"ரப்பர் வளையத்துக்கு எவன் பணம் தருவான்?" என்றார்.
டிரைவரின் சம்பளத்தை நினைத்துக்கொண்டே
நெடுநேரம் கழித்துத் தலையசைத்தார்.

மழையெல்லாம் கொட்டவில்லை.
போன வருஷத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு;
கணக்குப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.
ஆனால் முன்பெல்லாம் பணம் வாய் பேசாமல் வரும்.
இம்முறை கேள்விகளோடு வந்தது:
இப்போது தண்ணீர் வருகிறதா?
சின்னவன் எப்படியிருக்கிறான்?
கடைக்காரன் மன்னிப்புக் கேட்டானா?

அபர்டீனிலிருந்து ஒரு பெட்டி.
குழாய் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இன்னெஸ் மெல்ட்ரம்
இருநூறு ரப்பர் வளையங்கள் அனுப்பியிருந்தார்.
மேலே ஒரு துண்டுச் சீட்டு:
'நாற்பது வருஷம் எனக்கும் இதே எழவுதான், எஸ்னாத்.'

தூக்கிக்கொண்டு போனேன்.
ஒன்றை எடுத்துப் பொருத்திப் பார்த்தாள்.
இன்னொன்று.
இருநூறும் ஒரே அளவு, இருநூறும் கால் நூல் பெரிது.
அவர் ஊர்ச் சாமான் இஞ்சில் பிறந்தது.

எஸ்னாத் சிரித்தாள்.
நிற்க முடியாமல் பம்பு மேடையில் உட்கார்ந்து சிரித்தாள்.
பிள்ளைகள் அதற்குள்
ஆளுக்கு நாலு வளையல் போட்டுக்கொண்டு ஓடிவிட்டன.
கத்தியை எடுத்து ஒன்றைச் சீவத் தொடங்கியவள்
முன்னங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இப்போது எழுது,
கண்ணில் நீர் வந்ததென்று."

எழுதினேன். கையெழுத்திட்டாள்.
பெயரின் மேல் கட்டைவிரல் கிரீஸ்.
பேனாவைத் திருப்பித் தராமல்
அடியில் தானே ஒரு வரி சேர்த்தாள்:

ஐம்பது மில்லிமீட்டர். இரண்டு இஞ்ச் அல்ல.